"தொழுற ஊடு, பூனை ஏலா" என்றவர்களுக்கு



நீண்ட பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள். வீடு வாடகைக்குக் கொடுப்பவர்கள் இப்போதே வாசியுங்கள்.

நாங்கள் இருந்த வீட்டை விற்கப் போவதாக உரிமையாளர் சொன்னது நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு. நல்ல மனிதர், மூன்று மாதத் தவணை தந்தார். அந்த மூன்று மாதத்தில் தெமட்டகொடை, மாளிகாவத்தை, மருதானை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று 19 வீடுகள் பார்த்தோம். வாடகையும் அட்வான்ஸும் எங்கள் கைக்கு எட்டியவை ஏழு. அந்த ஏழு வீட்டிலும் பேச்சு ஒரே இடத்தில் முறிந்தது.

வீடு தேடியவர்களுக்கு இந்த விசாரணை தெரியும். என்ன தொழில்? இரண்டு பேரும் டீச்சர்மார். வீட்டுக்காரரின் முகம் மலர்கிறது, மாதம் முடிய சம்பளம் வரும் ஆட்கள். எத்தனை பிள்ளைகள்? இரண்டு. பிள்ளைகள் சுவரில் கிறுக்குவார்களா? அந்த வயது தாண்டிவிட்டது. வாகனம்? ஒரு மோட்டார் சைக்கிள். சரி, வேறு யாரும் இருக்கிறார்களா? ஒரு பூனை.

அவ்வளவுதான். தேயிலை குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைக்கிறார். "ஊட்ல கேட்டுச் சொல்லுறன்" என்கிறார். பிறகு போன் எடுப்பதில்லை. தரகர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "சேர், ஏன் பூனையைச் சொன்னீங்க? உள்ளே போய்க் கொண்டு வந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். பிள்ளைகளுக்குப் பொய் பேசாதே என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் எடுக்கும் எங்களிடம்.

ஆறு பேர் இப்படி நழுவினார்கள். ஏழாமவர் நேராகச் சொன்னார். எங்கள் மஹல்லாக்காரர், வயதான ஹாஜியார், மரியாதையானவர். "சேர், பூனை ஈந்தா ஏலா. இது தொழுற ஊடு."

அந்த நேர்மைக்கு அவரை மதிக்கிறோம். ஆனால் அந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட மாட்டோம். மார்க்கத்தின் பெயரால் சொன்னதால் மார்க்கத்தில் என்ன இருக்கிறது என்று பேசியே ஆக வேண்டும்.

அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூ செய்யப் போகிறார். மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்து வைக்கிறார். ஒரு பூனை குடிக்க வருகிறது. அவர் விரட்டவில்லை. அது குடிக்கும் வரைக்கும் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மருமகள் வியப்போடு பார்த்தபோது, பூனை அசுத்தமானது இல்லை, உங்களைச் சுற்றித் திரிகிறவற்றில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார். முவத்தாவிலும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள செய்தி. தொழுகைக்கான தண்ணீரில் வாய் வைத்த பூனையைப் பற்றிய பேச்சு இது. தொழுகிற வீட்டுக்கு இதைவிட நெருக்கமான ஆதாரம் வேறென்ன வேண்டும்?

(முஅஸ்ஸா என்று ஒரு பூனை இருந்ததாம், அது தூங்கியதால் நபியவர்கள் சட்டைக் கையை வெட்டினார்களாம் என்று வட்ஸ்அப்பில் வரும் கதையை இங்கே யாரும் பின்னூட்டத்தில் போடாதீர்கள். ஹதீஸ் கிரந்தங்களில் அப்படி ஒன்று இல்லை. உள்ளதே போதும்.)

இஸ்தான்பூலில் பள்ளிவாசலுக்குள் பூனைகள் சுருண்டு கிடப்பதை உம்ராப் பயணத்தில் அந்த வழியாகப் போய் வந்த நம்மவர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள். "மாஷா அல்லாஹ்" என்று நூறு பேர் எழுதுகிறார்கள். அயா சோபியாவில் பல வருடம் வாழ்ந்த க்ளி என்ற பூனை 2020 நவம்பரில் இறந்தபோது உலகச் செய்திகளிலேயே வந்தது. அங்கே இருந்தால் மாஷா அல்லாஹ், பேஸ்லைன் வீதிக்கு இந்தப் பக்கம் வந்தால் அசிங்கமா?

சிலர் நாயைப் பற்றிய சட்டத்தைப் பூனை மேல் ஏற்றிப் பேசுகிறார்கள். நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊர்க்காரர்கள். நாய் வாய் வைத்தால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும் என்று சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்தோம். ஆகவே நாய்க்கு வீடு கேட்டு நாங்கள் இதை எழுதவில்லை. அது வேறு பேச்சு. ஆனால் தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்த பெண்ணின் பாவம் மன்னிக்கப்பட்டதும் இதே மார்க்கத்தில்தான் இருக்கிறது என்பதை ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிறோம்.

சரி, மார்க்கத்தை ஓரமாக வைப்போம். ஹாஜியாருக்கும் உள்ளுக்குள் வேறு காரணம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பேசியபோது வெளியே வந்தது. முன்பு இருந்தவர்கள் ஒரு கடுவன் பூனை வைத்திருந்தார்கள். வீடு முழுக்க மூத்திர வாடை. அவர்கள் போன பிறகு இரண்டு தரம் பெயின்ட் அடித்தும் மழை நாளில் அந்த வாடை வருகிறதாம். சோபாவின் கால்களைப் பிறாண்டி வைத்திருந்ததாம். இந்தக் காரணம் நியாயமானது. வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீடு. கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். கடுவன் பூனை சுவரில் பீய்ச்சி அடிப்பது தன் எல்லையைக் காட்டவும் பெட்டையை அழைக்கவும். கருத்தடை ஓப்பரேஷன் செய்த பூனைகளில் பெரும்பாலானவை அதை நிறுத்திவிடுகின்றன. சின்ன வயதிலேயே செய்தால் இன்னும் நல்லது. பெட்டை என்றால் நாலைந்து மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது கிழமையில் குட்டி போடும். ஓப்பரேஷன் செய்யாமல் வளர்ப்பவர் ஒரு பூனையோடு வந்து வருட முடிவில் ஏழு பூனையோடு இருப்பார். ஆகவே வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி "ஓப்பரேஷன் செய்தாச்சா?" என்பது. அதைக் கேட்காமல் "பூனை ஈக்கா?" என்று மட்டும் கேட்டுக் கதவைச் சாத்தினால், பொறுப்பாக வளர்ப்பவரும் பொறுப்பில்லாதவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். பிறகு தரகர் சொன்ன வழிதான். ஒளித்துக் கொண்டுபோவார்கள். ஒளித்துக் கொண்டுபோகிறவர் உங்களிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டப் போவதில்லை.

கருத்தடை செய்வதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நன்மைக்காகச் செய்யலாம் என்று சொன்னவர்களும் உண்டு. நாங்கள் கேட்டுத்தான் செய்தோம். நீங்களும் உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பூனையின் பெயர் சீனி. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட நாட்களில் ரயில் யார்ட் பக்கத்துக் கானுக்குள் கத்திக்கொண்டிருந்ததை மூத்தவன் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போது உள்ளங்கை அளவு. மாவுப் பால் கரைத்துக் கொடுத்தோம், வயிற்றால் போனது. பசுப்பால் மாவு குட்டிப் பூனைக்குச் சேராது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எப்படியோ பிழைத்தது. ஆறு மாதத்தில் ஓப்பரேஷன், வருடம் தவறாமல் தடுப்பூசி. இன்றுவரை ஒரு கதவைப் பிறாண்டியதில்லை என்று சொன்னால் பொய். ஒரு கதவைப் பிறாண்டியது. பழைய வீட்டை ஒப்படைக்கும்போது அந்தக் கதவை எங்கள் காசில் செய்துகொடுத்தோம்.

இன்னொரு வீட்டில் மகள் உண்டாகியிருக்கிறாள், பூனையால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதல் என்று டொக்டர் சொன்னார் என்றார்கள். இதிலும் பாதி உண்மை. டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை எடுக்கும். தினமும் வேறொருவர் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் அந்த வழி அடைபடும். சரியாக வேகாத இறைச்சியிலும், கழுவாத மரக்கறியில் ஒட்டிய மண்ணிலும் அதே கிருமி இருக்கலாம். அந்தப் பிள்ளை மேல்மாடியில் இருக்கும் எங்கள் பூனைக்குப் பயப்படுவதைவிட வேகாத இறைச்சிக்குப் பயப்பட வேண்டும். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர் கீழ் வீட்டில் இருந்து, படிக்கட்டும் காற்றும் பொதுவாக இருந்தால் மட்டும் நாங்கள் ஒரு வார்த்தையும் பேச மாட்டோம். அது சரியான காரணம். வேறு வீடு பார்ப்போம்.

இனி இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம்.

தரம் 7இல் கட்டுரை கொடுத்திருந்தோம். வருடா வருடம் கொடுக்கும் அதே தலைப்பு, "நான் வளர்க்கும் செல்லப்பிராணி". ஒரு பிள்ளை திகதியும் தலைப்பும் மட்டும் எழுதித் தந்தது. நன்றாக எழுதும் பிள்ளை. போன தவணையில் தன் பூனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. ஏன் மகள் எழுதவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. இடைவேளையில் தோழி வந்து சொன்னாள். வீடு மாறினார்களாம். புது வீட்டுக்காரர் பூனை வேண்டாம் என்று சொன்னாராம். வாப்பா பூனையை உரைப்பைக்குள் கட்டி த்ரீவீலில் கொண்டுபோய் மாளிகாவத்தைப் பக்கம் ஒரு மீன் கடை ஓரத்தில் விட்டுவிட்டு வந்தாராம். "மீன் கடைதானே, பட்டினி கிடக்காது" என்று மகளுக்கு ஆறுதல் சொன்னாராம். பிள்ளை மூன்று நாள் அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்ததாம். இல்லை.

அந்த வாப்பாவைத் திட்டுவது சுலபம். ஆறு மாத அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய வீட்டுத் தவணை முடிகிற கிழமையில், அவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அரைகுறையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவள் தீனியும் போடவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை என்பதுதான் அங்கே குற்றம். நான்கு சுவருக்குள் தட்டில் சோறு தின்று வளர்ந்த பூனையைத் தெரு நாய்களுக்கு நடுவே அவிழ்த்து விடுவது அதைத் தேடித் தின்ன விடுவதாகுமா? எங்கள் மனதுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த உரைப்பையைக் கட்டியதில் வாப்பாவின் கை ஒன்று, நிபந்தனை போட்ட வீட்டுக்காரரின் கை ஒன்று.

ஊருக்கும் நட்டம் இருக்கிறது. இந்த நாட்டில் 1973இல் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியாலும் சுகாதாரப் பகுதியினரின் உழைப்பாலும் அந்தத் தொகை இன்று பத்துகளுக்கு இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் நாயால் வருவது, பூனையாலும் வரும். ஊசி போட்டு வீட்டுக்குள் இருந்த பூனையைத் தெருவுக்குத் தள்ளினால் அடுத்த வருட ஊசியை யார் போடுவது? பள்ளிவாசல் வாசலிலும் பாடசாலை மதிலோரத்திலும் பெட்டியில் குட்டிகளை விட்டுப் போகிறார்களே, அவற்றைத் தூக்கப் போய் நகக்கீறல் வாங்கி ஊசி போட ஓடுவது யாருடைய பிள்ளைகள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். மிருக வதைக்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினுடையது. அதில் தண்டப்பணம் 100 ரூபாய். இன்று ஒரு மாலு பணிஸுக்கே அது காணாது. புதிய மிருக நலச் சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே வரைவு தயாரித்துக் கொடுத்தது. அதன் பிறகு எத்தனை அரசாங்கம் வந்து போனது என்று தரம் 5 பிள்ளையும் சொல்லும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் செல்லப்பிராணி பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடியிருப்பவர் அயலவருக்குத் தொல்லை கொடுத்தால் அவரை எழுப்ப வழக்குப் போடலாம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதாவது தொல்லை நடந்த பிறகு கேட்க வழி இருக்கிறது. நடக்காத தொல்லைக்கு முன்கூட்டியே தண்டனை கொடுப்பது நம் பழக்கம்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல, அதன் மறுபக்கத்தில் நின்றவர்கள் நாம். 2007 ஜூன் 7 விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 376 பேரை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது, பிரதமர் மன்னிப்புக் கேட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 21 அன்று மஹவில கார்டன் வீட்டில் குண்டு வெடித்து மூன்று பொலிஸார் உயிரிழந்த பிறகு, அடையாள அட்டையில் தெமட்டகொடை என்று இருந்தாலே போதும், வெளியே வீடு கேட்டுப் போன நம்மவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். "உங்கட ஆக்களுக்குக் கொடுக்கிறல்ல" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் இதை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர்? மனிதருக்கும் பூனைக்கும் நாங்கள் சமன் போடவில்லை. யாரும் அப்படித் திரிக்க வேண்டாம். நீ எப்படி நடப்பாய் என்று கேட்காமல், நீ யார், உன்னோடு என்ன வருகிறது என்று கேட்டுக் கதவைச் சாத்தும் அந்தக் கை அசைவு மட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த அசைவு. நம் ஆட்களிடமே அதைப் பார்த்தபோது வலித்தது.

வெளியே என்ன நடக்கிறது? சிங்கப்பூரில் பெரும்பான்மை மக்கள் அரசாங்கத் தொடர்மாடிகளில்தான் இருக்கிறார்கள். 1989 முதல் அந்த மாடிகளில் பூனைக்குத் தடை. முடி கொட்டும், கத்தும், அடக்க முடியாது என்று நம் ஹாஜியார் சொல்லும் அதே காரணங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் தடையை எடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமப்பதிவு, உடம்பில் மைக்ரோசிப், விழாதபடி ஜன்னலுக்கு வலை. அவ்வளவுதான் நிபந்தனை. நம் சொந்தக்காரர்கள் போய்க் குடியேறிய கனடாவின் ஒன்டாரியோவில், வாடகை ஒப்பந்தத்தில் பிராணி கூடாது என்று எழுதினால் அந்த வரி செல்லாது. சேதம் செய்தாலோ, அயலவருக்குக் கடும் ஒவ்வாமை வந்தாலோ முறையிடலாம். பிரான்சில் 1970 முதல் அப்படித்தான். இங்கிலாந்தில் 2025இல் நிறைவேற்றிய சட்டத்தில், குடியிருப்பவர் பிராணி வைக்கக் கேட்டால் தகுந்த காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். அங்கேயெல்லாம் வீட்டுக்காரர்கள் தெருவுக்கு வந்துவிடவில்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. கோபப்படாதீர்கள். மாடிப் படிக்கட்டில் மீன் தலையைப் போட்டுப் பத்துத் தெருப் பூனையைச் சேர்ப்பது, மணல் தட்டை மூன்று நாள் அப்படியே விடுவது, குட்டிகள் அடுத்தவர் வாசலில் அசிங்கம் செய்தால் "வாயில்லா ஜீவன்தானே" என்று சிரிப்பது, கட்டாருக்குப் போகும்போது பூனையை வெறும் வீட்டில் விட்டுப் போவது, இவற்றைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் பயந்து போயிருக்கிறார்கள். ஹாஜியாரின் வீட்டு வாடை ஒரு குடியிருப்பாளர் விட்டுப்போன வாடை. எங்களுக்குக் கிடைக்காமல் போன அந்த வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு.

நாங்கள் கேட்பது ஒரு பக்கக் காகிதம். ஒப்பந்தத்தோடு இன்னொரு தாள். எத்தனை பூனை, ஓப்பரேஷன் செய்த பத்திரம், ஊசி அட்டையின் பிரதி, சேதத்துக்கு என்று தனியாக ஒரு தொகை முற்பணம், போகும்போது சேதம் இல்லையென்றால் அது திரும்பும். வாடை, சத்தம் என்று அயலவர் முறையிட்டு ஒரு மாதத்தில் சரிசெய்யாவிட்டால் பூனைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் சொன்னது சட்டம். இதைவிட வீட்டுக்காரருக்குச் சாதகமாக எழுத எங்களுக்குத் தெரியவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் மாதிரி எழுதி வைத்திருக்கிறோம். கேட்பவர்களுக்கு அனுப்புகிறோம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள சகோதரர்கள் இதை வாசித்தால், வாடகை வீடு பற்றிய அறிவித்தல் ஒட்டும் பலகையில் "பூனை பற்றிப் பேசலாம்" என்று ஒரு வரி சேர்க்க இடம் கொடுங்கள். ஜும்ஆவில் ஐந்து நிமிடம் அபூ கதாதா (ரழி) அவர்களின் செய்தியைச் சொல்ல முடியுமானால் இன்னும் நல்லது.

எங்களுக்கு வீடு கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கொலன்னாவைப் பக்கம் ஒரு மேல்மாடி. வீட்டுக்காரி ஒரு வயதான ராத்தா. ஓப்பரேஷன் செய்தாச்சா, வருத்தம் வந்தால் யார் டொக்டரிடம் கொண்டுபோவது என்று இரண்டு கேள்வி கேட்டார். 10,000 ரூபாய் மேலதிக முற்பணம் கேட்டார், கொடுத்தோம். தினமும் பாடசாலைக்கு வர முன்னரைவிட முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆகிறது. சீனி புது வீட்டில் இரண்டு நாள் அலுமாரிக்குப் பின்னால் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வெளியே வந்தது.

அந்த ஒழுங்கையில் நாங்கள் விட்டு வந்த ஒரு குடும்பம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், இரண்டு பெட்டைப் பூனைகள், இரண்டுக்கும் ஓப்பரேஷன் முடிந்தது. தெமட்டகொடை அல்லது மாளிகாவத்தை, இரண்டு அறை, 50,000க்குள். மாத முடிவில் எழும்ப வேண்டும். வீடு இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நாங்களே கூட்டிக்கொண்டு வருகிறோம்.

வஸ்ஸலாம்.